குலுங்காத வண்டி

ஜூலை 6, ஞாயிறு

கம்பெனியில் புத்தாண்டுக்குக் கொடுத்த டைரி இது. மளிகைச் சாமான் பைகளுக்கு அடியில் கிடந்தது. வண்டி வேலையை எழுதி வைக்கலாம் என்று எடுத்தேன். எந்த போல்ட்டை எங்கிருந்து கழற்றினோம் என்று எழுதாவிட்டால், மாட்டும்போது நான்கு மிச்சம் இருக்கும்.

காலையில் துறையூருக்குப் போன் செய்தேன். மங்கை அங்கே அவள் அம்மா வீட்டுக்குப் போய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பிரசவமானவள் தாய்வீட்டில் இருக்க வேண்டும் என்பது வழக்கம். குழந்தை தங்காவிட்டாலும் அந்த வழக்கம் மாறாதாம். மருந்துக் குழம்பு, பூண்டு, வெந்நீர்க் குளியல் எல்லாம் முறைப்படி நடக்கிறது.

அத்தைதான் எடுத்தார். மங்கை தூங்குகிறாள் என்றார். எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டேன்.

"ஆடி பொறக்கப் போவுது மாப்ள. ஆடி போவட்டும், பாப்போம்" என்றார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த வண்டிய வித்துத் தொலைங்க. நெறமாசப் புள்ளத்தாச்சிய அதுல வச்சு மேடு பள்ளமெல்லாம் ஏத்தி எறக்குனா புள்ள எப்படித் தங்கும்? அது நிக்கிற வீட்டுக்கு எம்மவள அனுப்ப எனக்கு மனசே வரல" என்றார்.

சரி அத்தை என்றேன். வைத்துவிட்டுக் கீழே இறங்கி, வண்டியின் சீட்டைக் கழற்றினேன். பத்தாம் நம்பர் போல்ட் இரண்டு. ஒன்று துருப்பிடித்திருந்தது.

ஜூலை 8, செவ்வாய்

வண்டியை விற்கப் போவதில்லை. ஷிஃப்டுக்கு எதில் போவது? அதுவும் இல்லாமல், விற்றால் அத்தை சொன்னதை ஒப்புக்கொண்டதாக ஆகும். நான் வீம்பு பிடித்தவன் என்று மங்கையே சொல்லியிருக்கிறாள்.

குலுக்கலைத் தாங்கும் பின்பக்க ஷாக் இரண்டையும் கழற்றினேன். ஸ்பிரிங்கை இறுக்கவும் தளர்த்தவும் கீழே படிகள் இருக்கும். இரண்டும் கடைசிப் படியில் இருந்தன. கேஸ் சிலிண்டர் ஏற்றிவருவதற்காக எப்போதோ நான் இறுக்கியது. அப்படியே விட்டுவிட்டேன் போலிருக்கிறது. கடைசிப் படி என்றால் ஸ்பிரிங் கொடுக்காது, கட்டை வண்டிதான்.

வீட்டுக்காரம்மா ஜெயசீலி கீழ்ப் பகுதியில் இருக்கிறார். கார் இல்லாத அவருடைய கார் ஷெட்டில்தான் என் ஒர்க் ஷாப். டீ கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பிரித்துப் போட்டிருந்ததைப் பார்த்தார்.

"தம்பி, பிரிக்கிறது எல்லாருக்கும் வரும். திரும்பப் பூட்டத் தெரியுமா?"

"தெரியும்மா."

"தெரியலன்னா ஒரு சாக்கு தர்றேன். அள்ளிட்டுப் போயி மெக்கானிக் கிட்ட கொட்டிருங்க."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. முன்பெல்லாம் இதற்கு நானும் ஏதாவது பதில் கொடுப்பேன்.

ஜூலை 11, வெள்ளி

வண்டி பிரிந்து கிடப்பதால் டவுன் பஸ்ஸில் தொங்கிக்கொண்டு போனேன். இன்று ஷிஃப்டில் ஒரு பாய்லர் குழாயின் பற்றவைப்பில் மயிரிழை விரிசல். கண்டுபிடிக்கத்தான் எனக்குச் சம்பளம். விரிசலைச் சொன்னால் மட்டும் போதாது, காரணமும் சொல்ல வேண்டும். ஈரமான வெல்டிங் ராடு, அவசரப்பட்ட கை, சூடு போதாமை, எண்ணெய்ப் பிசுக்கு, இப்படி ஏதாவது ஒன்று இருக்கும். பத்து வருடத்தில் காரணமில்லாத விரிசலை நான் பார்த்ததில்லை. காரணம் தெரியவில்லை என்று எழுதிக்கொண்டு போனால் மேனேஜர் என்னை வெளியே நிறுத்திவிடுவார்.

டாக்டரம்மா மட்டும் சொல்லலாம். "சில கேஸ்ல காரணமே தெரியாதுங்க. எல்லா டெஸ்ட்டும் பாத்தாச்சு. வண்டியில வந்ததுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல. மனச போட்டுக் கொழப்பிக்காதீங்க" என்றார். நல்ல டாக்டர். பொறுமையாகத்தான் பேசினார். ஆனால் காரணம் இன்னதென்று தெரியாதபோது, வண்டி இல்லை என்று மட்டும் எப்படித் தெரியும்? அப்போது கேட்கத் தோன்றவில்லை.

வண்டி: பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மில் லேசான ஆட்டம். அதன் மூட்டில் இருக்கும் ரப்பர் வளையம், புஷ், தேய்ந்திருக்கிறது.

ஜூலை 13, ஞாயிறு

காலை முழுக்க புஷ்ஷோடு மல்லுக்கட்டினேன். கடையில் பிரஸ் வைத்து ஒரு நிமிடத்தில் தள்ளிவிடுவார்கள். என்னிடம் இருந்தது நீளமான ஒரு போல்ட், வாஷர்கள், பெரிய சாக்கெட் ஒன்று. போல்ட்டை உள்ளே விட்டு இறுக்க இறுக்க, பழைய புஷ் சாக்கெட்டுக்குள் வந்து விழ வேண்டும். வீடியோவில் அப்படித்தான் விழுந்தது. எனக்கு மத்தியானம் வரை விழவில்லை.

மூன்று மணிக்கு மங்கையே கூப்பிட்டாள். அவளாகக் கூப்பிட்டது முதல் தடவை.

"சாப்டீங்களா?"

"சாப்டேன். நீ?"

"ம். என்ன பண்றீங்க?"

"வண்டி வேல."

"ஓ" என்றாள். பின்னால் குக்கர் விசில் கேட்டது. "வேற?"

"வேற ஒண்ணுமில்ல. நாளைக்கு ஃபர்ஸ்ட் ஷிஃப்ட்."

கொஞ்ச நேரம் லைனிலேயே இருந்தாள். பிறகு சரி வைக்கிறேன் என்றாள். என்ன கேட்க வந்தாள் என்று தெரியவில்லை. அத்தை பக்கத்தில் இருந்திருப்பார்.

ஜூலை 14, திங்கள்

புஷ் விழுந்தது. உள்ளங்கையில் கொப்புளம்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி பிறந்துவிட்டது. தெருமுனை மாரியம்மன் கோயிலில் காலையிலிருந்தே குழாய் கட்டிப் பாட்டு. அந்த இரைச்சலும் ஒரு விதத்தில் வசதிதான், வேறு எதுவும் காதில் விழாது.

ஷிஃப்ட் முடிந்து ஸ்பேர்ஸ் கடைக்குப் போனேன். பழைய ஷாக்கைத் தளர்த்தினாலும் மெத்தென்று இருக்கவில்லை. கேஸ் அடைத்த ஷாக் வேண்டும் என்றேன். கடைக்கார பாய் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"ரேஸுக்கா?"

"இல்ல பாய். மெதுவா போறதுக்கு."

"மெதுவா போறதுக்கு எதுக்கு இது? பழசே போதுமே. யாரு, வீட்ல முடியாதவங்க யாரும் இருக்காங்களா?"

ஆமாம் என்றேன். அவர் உள்ளே போய், இருப்பதிலேயே மென்மையான ஸ்பிரிங் உள்ள ஜோடியைத் தேடி எடுத்துவந்தார். அல்லா நல்லாக்கி வைப்பான் என்றார். பொய் சொன்னேனா இல்லையா என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூலை 20, ஞாயிறு

புது ஷாக் மாட்டியாயிற்று. சீட் உறையைப் பிரித்து, பின்பக்கத்துக்கு மட்டும் இரண்டு விரல் கனத்துக்கு ஃபோம் வைத்துத் திரும்ப அடித்தேன். குஷன் கடையில் வாங்கிய ஃபோம். சுருக்கம் இருக்கிறது, ஆனால் உட்கார்ந்தால் தெரியாது.

எல்லாம் சரி, குலுக்கல் குறைந்ததா என்று எப்படிப் பார்ப்பது? நான் முன்னால் உட்காருகிறவன். பின்னால் இருப்பவளுக்கு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். சொம்பில் கழுத்துவரை தண்ணீர் ஊற்றி, பின் சீட்டில் சைக்கிள் டியூபால் கட்டி ஓட்டுவது. எவ்வளவு சிந்துகிறதோ அவ்வளவு குலுக்கல். ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் வேகத்தடைகள் அதிகம். அதிலேயே ஓட்டினேன்.

கேட்டைத் திறந்துவிட்ட வீட்டுக்காரம்மா, "எந்தக் கோயிலுக்குத் தம்பி தீர்த்தம் போவுது?" என்றார்.

திரும்பி வந்தபோது சொம்பில் பாதிதான் இருந்தது. சீட் நனைந்துவிட்டது.

அன்றைக்கும் இதே ரோடுதான். ஸ்கேனுக்குப் போனோம். கடைசி வேகத்தடைக்குப் பெயின்ட் கிடையாது. நான் கவனிக்கவில்லை. மங்கை என் தோளைப் பிடித்து அழுத்தினாள். ஸ்கேன் ரூமில், துடிப்பைக் கேட்கும் அந்த மிஷினில் சத்தமே வரவில்லை.

ஜூலை 23, புதன்

முன் சக்கரத்தைத் தாங்கும் ஃபோர்க்கைப் பிரித்தேன். ஆயில் கறுத்துத் தார் மாதிரி வந்தது. ஆயில் கசியாமல் தடுக்கும் சீலும் போயிருந்தது. புது சீலை உள்ளே இறக்க அதற்கென்று ஒரு கருவி இருக்கிறதாம். நான் அதே அளவில் பிவிசி குழாய்த் துண்டு ஒன்றை அறுத்து, அதை வைத்துத் தட்டி இறக்கினேன். கச்சிதமாக உட்கார்ந்தது. என் வாழ்க்கையில் நான் செய்த நல்ல வேலைகளில் இது ஒன்று என்று சொல்லிக்கொள்ளலாம், கேட்கத்தான் ஆளில்லை.

கை துடைக்கப் பழைய துணி தேடி மாடியில் பீரோவைத் திறந்தேன். கீழ்த் தட்டில் வெள்ளைத் துணிகள் அடுக்கி இருந்தன. என் பழைய வேட்டிகளைக் கிழித்து, துவைத்து, சதுரம் சதுரமாக மங்கை மடித்து வைத்தவை. நல்ல மெல்லிசு. ஒன்றை எடுத்துவிட்டேன். ஓரத்தில் என் ஆயில் விரல் பட்டது. சோப்புப் போட்டுக் கசக்கினேன், போகவில்லை. அதை அப்படியே மடித்துக் கறை உள்ளே போகும்படி வைத்துவிட்டு, போட்டிருந்த சட்டையிலேயே கையைத் துடைத்துக்கொண்டேன்.

ஃபோர்க் ஆயில் இரண்டு பக்கமும் ஒரே அளவு ஊற்ற வேண்டும். ஊற்றினேன்.

ஜூலை 25, வெள்ளி

மங்கை கூப்பிட்டாள். "வண்டி எப்படி இருக்கு?" என்றாள். நன்றாக இருக்கிறது என்றேன். "நீங்க?" என்றாள். நன்றாக இருக்கிறேன் என்றேன்.

ஜூலை 27, ஞாயிறு

சொம்பில் இன்னும் கொஞ்சம் சிந்துகிறது. டயரில் காற்றைக் குறைத்தால் இன்னும் மெத்தென்று போகும் என்று பட்டது. பின் டயரில் பாதிக்குப் பாதி இறக்கினேன். ஷாக்கையும் கடைசிவரை தளர்த்தினேன்.

வேகத்தடைகளில் ஒரு சொட்டுக்கூடச் சிந்தவில்லை. மூன்றாவதைத் தாண்டியதும் திரும்பித் திரும்பிச் சொம்பைப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். சந்தோஷமாகவே இருந்தது என்று நினைக்கிறேன். வளைவில் வண்டியின் வால் ஆடியது. இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை, அப்புறம் நான் ரோட்டில் கிடந்தேன்.

வலது முழங்கை தோலுரிந்துவிட்டது. முட்டியில் வீக்கம். வண்டிக்குக் கண்ணாடியும் பிரேக் பெடலும் போயின. இளநீர்க் கடைக்காரர்தான் தூக்கிவிட்டார். "என்னங்க, பின்னாடியே பாத்துக்கிட்டு வர்றீங்க? சொம்புல என்ன, பாலா?" என்று கேட்டார்.

பஞ்சு வைத்துத் துடைத்துவிட்ட வீட்டுக்காரம்மா இன்று கிண்டல் செய்யவில்லை. "உங்கம்மா இருந்தா உங்கள என்ன செய்வாங்களோ அதச் செய்யணும் போல இருக்கு" என்று மட்டும் சொன்னார்.

எரிச்சல் இருக்கிறது. ஆனால் வலி என்று சொல்ல முடியவில்லை. வேறு யாருடைய கையோ எரிகிற மாதிரி இருக்கிறது.

ஜூலை 28, திங்கள்

லீவு போட்டேன். விழுந்ததற்குக் காரணம்: மென்மை அதிகம். ஸ்பிரிங் பாரம் தாங்க வேண்டும். தாங்காமல் எல்லாவற்றுக்கும் வளைந்து கொடுத்தால் வண்டி நிற்காது. படுத்துக்கொண்டே யோசித்ததில் கிடைத்தது.

பெடலை நிமிர்த்த வேண்டும். காற்றைச் சரியாக அடிக்க வேண்டும். ஷாக்கை இரண்டு படி ஏற்ற வேண்டும்.

ஜூலை 30, புதன்

மங்கை வந்துவிட்டாள்.

மத்தியானம் நான் ஷெட்டில் பெடலை வைஸில் கவ்வவைத்து நிமிர்த்திக்கொண்டிருந்தேன். கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோ நின்றது. ஒரு கட்டைப்பையோடு இறங்கினாள். இளைத்திருந்தாள். தனியாக, துறையூரிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறாள். அத்தைக்குத் தெரியுமா என்று கேட்டேன்.

"தெரியும். ஆடியில போவக் கூடாதுன்னு வாசல்ல குறுக்க நின்னாங்க. தள்ளிட்டு வந்துட்டேன். கையக் காட்டுங்க" என்றாள்.

யார் சொன்னது என்று நான் கேட்கும் முன்பே வீட்டுக்காரம்மா, "நான்தான் போன் பண்ணேன். திட்டுறதுன்னா என்னத் திட்டுங்க" என்றார்.

மங்கை என் முழங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பிறகு வண்டியைப் பார்த்தாள். சீட்டின் பின்பக்கத்தில் கையை வைத்து அழுத்தினாள். ஃபோம் உள்ளே போனது, ஷாக்கும் அடிவரை இறங்கியது.

"என்ன இது, மெத்த மாதிரி?"

"ஒரு மாசமா இதே வேலதாம்மா" என்றார் வீட்டுக்காரம்மா. "சொம்புல தண்ணி வச்சு, சிந்துதா சிந்துதான்னு ஓட்டிப் பாக்குறாரு. அதுலதான் விழுந்தாரு."

மங்கை சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் முகம் வேறு மாதிரி ஆனது.

"எதுக்கு?"

"குலுங்காம இருக்க."

"யாருக்குக் குலுங்காம இருக்க?"

"உனக்குத்தான். நீ திரும்பி வந்தா..."

"அப்ப நீங்களும் அதத்தான் நம்புறீங்க" என்றாள். சத்தம் போடவில்லை. "குலுங்குனதாலதான்னு. எங்கம்மா கிட்ட தெனம் சண்ட போட்டேங்க. வண்டி இல்ல, அவரு இல்ல, டாக்டரே சொல்லிட்டாங்கன்னு தொண்ட வறளக் கத்துனேன். நீங்க என்னடான்னா இங்க உக்காந்து மெத்த தச்சிருக்கீங்க. அன்னிக்கு நீங்க ஆட்டோ கூப்புடறேன்னுதான சொன்னீங்க? வேணாம், வண்டியிலயே போவலாம்னு சொன்னது யாரு? நான்தான? வண்டிதான் காரணம்னா, அப்ப நான்தான காரணம்?"

எனக்கு உண்மையிலேயே அது தோன்றவில்லை. இத்தனை நாளில் ஒரு தடவைகூடத் தோன்றவில்லை. நான் தேடியது வண்டியில் இருக்கும் பழுதைத்தான். அதன் மறுமுனையில் அவள் நிற்கிறாள் என்று பார்க்கவில்லை.

"அப்படி இல்ல மங்கை."

"வேற எப்படி?"

ஸ்பேனர் கையிலேயே இருந்தது. "வண்டின்னா சரி பண்ணிரலாம்" என்றேன்.

"என்னது?"

"வண்டிதான் காரணம்னா நான் சரி பண்ணிருவேன். ஒண்ணொண்ணா கழட்டி, எது போச்சோ அத மாத்திருவேன். ஒண்ணுமே காரணம் இல்லன்னு சொன்னா, நான் எதக் கழட்டுறது?"

வீட்டுக்காரம்மா காலி டம்ளரை எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். மங்கை கவிழ்த்து வைத்திருந்த பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்தாள். நானும் தரையில் உட்கார்ந்தேன். மாரியம்மன் கோயில் பாட்டு ஓடிக்கொண்டே இருந்தது.

"நீங்க அவளப் பாத்தீங்க" என்றாள்.

கையிலிருந்த ஸ்பேனரைத் தரையில் வைத்தேன்.

"நான் பாக்கலங்க. பெத்தவ கண்ணுல காட்டக் கூடாது, மனசு தாங்காதுன்னு தூக்கிட்டுப் போயிட்டாங்க. மயக்கத்துல நானும் சரின்னுட்டேன். அப்பா கிட்ட கேட்டா எந்திரிச்சு வெளிய போயிருறாரு. அம்மா கிட்ட கேட்டா அதப் பேசாதேங்குறாங்க. பால் கட்டிக்கிட்டு உசிரு போறப்பகூட, அவ எப்படி இருந்திருப்பான்னுதான் ஓடிக்கிட்டு இருந்துச்சு. ஒவ்வொரு போனுலயும் நீங்களா சொல்லுவீங்கன்னு பாத்தேன். நீங்க வண்டி வேலங்குறீங்க."

இந்த டைரியில்கூட நான் அதை எழுதவில்லை. 'அவள்' என்றுகூட எழுதவில்லை.

"முடி நெறைய இருந்துச்சு" என்றேன். "நெத்தி வரைக்கும். கருகருன்னு."

"ம்."

"மூக்கு ஒன்னுது. ஒதடு யாருதுன்னு தெரியல. எடது காது லேசா மடங்கி இருந்துச்சு, தூங்கி எந்திரிச்ச மாதிரி. நர்ஸம்மா துணியில சுத்திக் குடுத்தாங்க. ஒரு கை வெளிய இருந்துச்சு. நகம் வளந்திருந்துச்சு மங்கை. வெட்டி விடணும் போல இருந்துச்சு."

அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்புறம்?" என்றாள்.

"ஆட்டோவுல போனோம். மாமா முன்னாடி, டிரைவர் பக்கத்துல உக்காந்துக்கிட்டாரு. திரும்பியே பாக்கல. அவ என் மடியில இருந்தா. ரோடு பூரா பள்ளம். வழி நெடுக ரெண்டு கையிலயும் தூக்கிப் புடிச்சுக்கிட்டேன். இடுகாடு வர்ற வரைக்கும் அவளக் கொஞ்சங்கூடக் குலுங்க விடல."

சொல்லி முடிக்கவில்லை, அதற்குள் அழுதுவிட்டேன். ஆஸ்பத்திரியில் அழவில்லை, குழியில் இறக்கும்போது அழவில்லை. இன்று ஷெட் தரையில் கிரீஸ் கையோடு உட்கார்ந்து, வாய்விட்டு அழுதேன். மங்கை டப்பாவிலிருந்து இறங்கி வந்து என் தலையை மடியில் வைத்துக்கொண்டாள். அவளும் அழுதாள். வலிக்கிறது என்றேன். எங்கே என்று கேட்டாள். எல்லாம் என்றேன்.

மறுபடியும் முதலிலிருந்து சொல்லச் சொன்னாள். முடியிலிருந்து தொடங்கிச் சொன்னேன்.

ஜூலை 31, வியாழன்

லீவு. வெயில் ஏறுமுன் மங்கையும் நானும் மகளைப் பார்க்கப் போகிறோம்.